மகளுக்குக் கணினித் துறையில் எந்தப் படிப்பு? பட்டர்வொர்த் தந்தைக்கு ஒரு பதில்

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மகள் எஸ்.பி.எம். எனப்படும் ஐந்தாம் படிவத் தேர்வை முடித்திருக்கிறார். கணிதத்தில் ஏ, கூடுதல் கணிதத்தில் சி பிளஸ், இயற்பியலில் பி. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்க மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியும் ‘செயற்கை நுண்ணறிவு’ (ஏ.ஐ.) என்று பெயர் போட்ட பட்டப்படிப்புக்கு, அடித்தளக் கல்வியையும் சேர்த்து, இடம் தருகிறது. கட்டணம் மட்டும் 85,000 வெள்ளி (ரிங்கிட்). “ஐ.டி. எடு, சுலபம்” என்கிறார் மாமா. “ஏ.ஐ. வந்த பிறகு அந்தத் துறையே முடிந்தது, கணக்கியல் படி” என்கிறார் அண்ணன். கம்ப்யூட்டர் சயின்ஸா, ஐ.டி.யா, மென்பொருள் பொறியியலா, டேட்டா சயின்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், லாரி ஓட்டிச் சேர்த்த பணம் என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. போட்ட பணமும் பிள்ளையின் நான்கைந்து ஆண்டுகளும் வீணாகாமல் இருக்க என்ன செய்வது? அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் 1999ஆம் ஆண்டு பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தேன். இடையில் நான்கு ஆண்டுகள் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்துவிட்டு, நெரிசல் தாங்காமல் பினாங்குக்கே திரும்பிவிட்டேன். நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கும் பக்கத்தில் உட்காரத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சில காலம் மாலை வகுப்பில் பாடமும் நடத்தினேன். கணினி விளையாட்டு, அனிமேஷன் பக்கம் நான் போனதே இல்லை. அவற்றைப் பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்.

முதலில் இந்தப் பெயர்க் குழப்பம். கணினிக் கல்விக்கு உலக அளவில் வழிகாட்டி எழுதும் ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. ஆகிய அமைப்புகள் 2005 அறிக்கையில் இத்துறையை ஐந்தாகப் பிரித்தன: கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் முறைமை, தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல். 2020 அறிக்கையில் சைபர் பாதுகாப்பும் தரவு அறிவியலும் சேர்ந்துகொண்டன. இப்படிப் பட்டியல் போட்டால் ஒன்றும் விளங்காது. நீங்கள் லாரியோடு பினாங்குப் பாலத்தைக் கடப்பவர், ஆகவே பிறைப் பக்கத்துக் கட்டணச் சாவடியையே எடுத்துக்கொள்வோம். அட்டையைக் காட்டியதும் படிக்கிறதே, அந்தக் கருவியையும் அதற்குள் இருக்கும் சிப்பையும் வடிவமைப்பது கணினிப் பொறியியல். முடக்கப்பட்ட அட்டை எண்கள் லட்சக்கணக்கில் இருந்தாலும், இந்த அட்டை அவற்றில் ஒன்றா என்று கண் இமைப்பதற்குள் கண்டுபிடிக்கும் வழியை யோசிப்பது கணினி அறிவியல். 2019 ஜனவரியிலிருந்து பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் கிடையாது என்று அறிவித்தார்கள் அல்லவா? அந்த ஒரு விதியை மாற்றப் போய் லாரிக் கணக்கும் கார்க் கணக்கும் கெட்டுவிடாமல், பலமுறை சோதித்து, ஓடிக்கொண்டிருக்கும் சாவடியை நிறுத்தாமல் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது மென்பொருள் பொறியியல். வசூலான பணம் யார் கணக்குக்கு எப்போது போக வேண்டும், குறைந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்று வகுப்பது தகவல் முறைமை. விடியற்காலை மூன்று மணிக்கு இணைப்பு அறுந்தால் எழுந்து உட்கார்ந்து சரிசெய்வது தகவல் தொழில்நுட்பம். ஐ.டி.யில் கணிதம் சற்றுக் குறைவு என்பது உண்மைதான். சுலபம் என்று சொன்ன மாமாவை ஒருநாள் அந்த மூன்று மணிக்கு எழுப்பிப் பார்க்கலாம்.

இதெல்லாம் ஏட்டுப் பிரிவினை. நடைமுறையில் பெயர் ஒன்றாகவும் உள்ளே பாடம் வேறாகவும் இருக்கும். ஒரு கல்லூரியின் ஐ.டி. பட்டம் இன்னொரு கல்லூரியின் கணினி அறிவியலைவிடக் கனமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நேர்முகத் தேர்வுக்கு வருபவரின் பட்டத் தலைப்பை நான் ஒரு பார்வைக்கு மேல் பார்ப்பதில்லை; தேர்ச்சிப் பட்டியலைத்தான் வரிவரியாகப் படிப்பேன். தரவுக் கட்டமைப்பும் அல்காரிதமும் (கணக்கைத் தீர்க்கும் படிமுறை), இயங்குதளம் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்), கணினி வலையமைப்பு, தரவுத்தளம் (டேட்டாபேஸ்), தனிநிலைக் கணிதம் (டிஸ்கிரீட் மேத்ஸ்), நிகழ்தகவும் புள்ளியியலும். இந்த ஆறும் முறையாக நடத்தப்பட்டிருந்தால் பட்டத்துக்கு என்ன பெயர் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. காரணம் எளியது. தகவலை அட்டவணைகளாக அடுக்கிவைக்கும் உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டை எட்கர் காட் எழுதியது 1970இல். இன்றும் வங்கியும் தொழிற்சாலையும் அதன்மேல்தான் ஓடுகின்றன. நான் வேலைக்கு வந்த புதிதில் இரவு பகலாகக் கற்ற கருவிகள் பலவற்றின் பெயரைச் சொன்னால் என் குழுவில் இருக்கும் இளையவர்கள் சிரிக்கிறார்கள். புதுக் கருவியை மூன்று வாரத்தில் வீட்டில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். வேலைக்குப் போன பிறகு, குடும்பம் குழந்தை என்று ஆன பிறகு, இயங்குதளமும் நிகழ்தகவும் உட்கார்ந்து படித்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

இதை விளக்க ஒரு பழைய சம்பவம். 2000களின் தொடக்கத்தில் நான் இருந்த ஆலையில் சிப் சோதிக்கும் இயந்திரம் ஒன்று திடீரென்று நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். மின்சாரம் சரியில்லை என்றது எங்கள் பிரிவு. மின்சாரத்தில் குறையில்லை, உங்கள் இயந்திரத்தைப் பாருங்கள் என்றது மின்சாரப் பிரிவு. அங்கே மூத்த தொழில்நுட்பராக இருந்த மலாய் அக்கா, இயந்திரம் நின்ற நாள்களைச் சுவரில் தொங்கிய சீனக் கடை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தால் வட்டத்துக்கு வட்டம் 49 நாள், சில முறை 50. அமாவாசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று ஒருவர் பாதி விளையாட்டாகக் கேட்டார். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பட்டதாரிப் பையன், கூட்டத்தில் வாயே திறக்காதவன், காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். 32 பிட் எண்ணால், அதாவது 0, 1 மட்டும் கொண்ட 32 இலக்கங்களால், 4,294,967,295 வரைதான் எண்ண முடியும். இயந்திரம் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு மில்லிவினாடியையும் அதில் எண்ணிக்கொண்டே வந்தால் 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி, மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த நொடியில் ‘எவ்வளவு நேரம் ஆயிற்று’ என்ற கழித்தல் கணக்கு தாறுமாறாகி நிரல் எதற்கோ காத்துக்கொண்டு நின்றுவிடும். விண்டோஸ் 95இலேயே இதே வகைப் பிழை இருந்தது. எங்கள் பிரிவு முன்பு எழுதிவைத்த கட்டுப்பாட்டு நிரலில் அந்த இடத்தைத் தேட ஒரு நாள் பிடித்தது. திருத்தம் ஒரே வரி. அவன் அதை எந்தக் கருவியைப் பழகியும் கற்கவில்லை. கணினிக்குள் எண்கள் எப்படி இருக்கின்றன என்று யாரோ ஒரு விரிவுரையாளர் இரண்டாம் ஆண்டில் சலிக்காமல் நடத்தியிருக்கிறார். அக்கா வட்டமிடாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்குக்கும் வேலை இருந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பினாங்கில் கணினிப் பட்டதாரிக்குக் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த மாதிரிதான்: இயந்திரத்துக்கு அருகே இருக்கும் மென்பொருள். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தபோது முதல் வரிசையில் வந்தவர்களில் இன்டெல் ஒன்று. அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் தொடங்கிய முதல் ஆலை அது. அதன் பிறகு வந்தவை வந்துகொண்டே இருக்கின்றன, இப்போது பெருநிலத்தில் இருக்கும் பத்து காவான் பக்கமும் நிரம்புகிறது. உலகில் நடக்கும் சிப் பொதியாக்கத்திலும் (சிப்பை உறையிட்டு முடிப்பது) சோதனையிலும் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்லப்படுகிறது. சோதனை நிரல், இயந்திரங்களை இணைக்கும் உற்பத்தி மேலாண்மை மென்பொருள், லட்சக்கணக்கான சோதனை முடிவுகளிலிருந்து எந்தச் சிலிக்கான் செதில் ஏன் கெட்டது என்று கண்டறியும் தரவு வேலை, சிப் வடிவமைப்பைச் சரிபார்க்கும் வேலை எல்லாம் இங்கே உண்டு. கோலாலம்பூர் வேறு உலகம். 1996இல் தொழில்நுட்ப நிறுவனங்களை ஈர்க்கும் மல்டிமீடியா பெருவழித் திட்டம் தொடங்கி சைபர்ஜெயா நகரம் எழுந்த பிறகு, பன்னாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள் அங்கே குவிந்தன. வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு, இணைய வணிகம் எல்லாம் அந்தப் பக்கம். செயலி (ஆப்) எழுத ஆசை என்றால் கோலாலம்பூரில் வாய்ப்பு அதிகம். சம்பளமும் அங்கே சற்றுக் கூடுதலாகத் தெரியும், ஆனால் வாடகையும் பெட்ரோலும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். பட்டர்வொர்த்தில் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர், சைபர்ஜெயாவில் தனியறை எடுத்திருப்பவரைவிட அதிகம் சேமிப்பதைக் கண்டிருக்கிறேன்.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி தருவது ஓர் இலக்கு. நல்ல செய்தி. இலக்கு என்பது காலியிட அறிவிப்பு அல்ல, அவ்வளவுதான். சிப் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். 2001இலும் 2008இலும் ஓவர்டைம் நின்று, ஆட்குறைப்பு வந்து, உணவகத்தில் பாதி மேசைகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தவன் நான். மகள் பட்டம் பெற்று வெளியே வரும் ஆண்டு எந்தப் பக்கம் விழும் என்பது அதிர்ஷ்டம்.

இனி அண்ணனின் வாதம். அவர் சொல்வதில் பாதி உண்மை, அதை மறைக்கக் கூடாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு என் குழுவில் வேலை நடக்கும் விதம் மாறிவிட்டது. புதுப் பட்டதாரிக்கு முதல் ஆறு மாதம் நாங்கள் கொடுத்துவந்த வேலைகள், ஓர் அறிக்கையின் வடிவத்தை மாற்றுவது, சிறு சோதனை நிரல் எழுதுவது போன்றவை, இப்போது ஏ.ஐ. கருவியிடம் போகின்றன. அந்த வேலையை மட்டும் தெரிந்துகொண்டு வருபவருக்கு இடம் சுருங்கிவிட்டது. இது நான் கண்ணால் பார்ப்பது. ஆனால் இதிலிருந்து ‘துறையே முடிந்தது’ என்று தாவுவது ஊகம். 1957இல் ஃபோர்ட்ரான் மொழி வந்தபோது அதை ‘தானியங்கி நிரலாக்கம்’ என்றுதான் அழைத்தார்கள். கையால் எழுதிய இயந்திரக் குறியீடு குறைந்தது, நிரலாளர்களோ பெருகினார்கள். இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஏனென்றால் இந்தக் கருவி பழையவற்றைவிட வேறு ரகம். கணக்கியலுக்கு ஓடினால் தப்பித்துவிடலாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. பதிவேட்டு வேலையும் அதே கருவியின் வாயில்தான் இருக்கிறது.

நேர்முகத் தேர்வில் இப்போது நான் கேட்பது ஒரு சாதாரணக் கேள்வி. ஒரு கோப்பில் ஒரு கோடி வரிகள். ஒரே வரிசை எண் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவியைப் பயன்படுத்தலாம், தடை இல்லை. சென்ற ஆண்டு வந்த ஒருவர், பளபளப்பான பெயர் கொண்ட பட்டம், இரண்டு நிமிடத்தில் நிரலை எடுத்துக் காட்டினார். சரியான நிரல்தான். “கோப்பு கணினியின் நினைவகத்தைவிடப் பெரிதாக இருந்தால்?” என்றேன். மறுபடியும் கருவியைக் கேட்கப் போனார். பரவாயில்லை, கேட்கட்டும் என்றேன். வந்த விடைகள் இரண்டில் எது நல்லது, ஏன் என்று கேட்டபோது அமைதியாகிவிட்டார். அடுத்து வந்தவர் கூலிம் ஊரைச் சேர்ந்த பெண், பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டம் படித்தவர். “முழுவதையும் ஏற்ற வேண்டாம், துண்டு துண்டாக வரிசைப்படுத்தி ஒன்றுசேர்த்தால் ஒரே எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்” என்றார், நிரல் எழுதாமலேயே. வேலை அவருக்குத்தான்.

அந்த ‘செயற்கை நுண்ணறிவு’ பட்டத்துக்கு வருகிறேன். ஏ.ஐ. படிப்பு என்பது பெரும்பகுதி கணிதம்: அணிகள், நிகழ்தகவு, நுண்கணிதம். கல்லூரியின் பாடத் திட்டத்தில் இவை முதல் இரண்டு ஆண்டுகளில் கனமாக இருந்தால் நல்ல படிப்பு. இல்லாமல், இன்ன நிறுவனத்தின் இன்ன கருவி என்று வரிசையாக இருந்தால் 85,000 வெள்ளிக்கு நீங்கள் வாங்குவது பெயர்ப்பலகை. என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன்: முதல் பட்டம் பொதுவான கணினி அறிவியலாக இருந்து, ஏ.ஐ. அதில் விருப்பப் பாடமாக வருவதையே விரும்புகிறேன். இதற்கு மாறாக நினைக்கும் திறமையான நண்பர்களும் எனக்கு உண்டு. ஆனால் ஒன்றில் ஐயமில்லை. எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பார்த்துவிடுங்கள். புதிய படிப்புக்கு முதலில் தற்காலிக அங்கீகாரம்தான் தருவார்கள். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போதுதான் முழு அங்கீகாரம். தற்காலிகம் என்றால் மோசடி என்று பொருள் இல்லை, முதல் அணியில் யாரும் இன்னும் முடிக்கவில்லை என்று பொருள். பி.டி.பி.டி.என். எனப்படும் அரசாங்கக் கல்விக் கடனும் அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான். அந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம்தான் என்றாலும், முதலைத் திருப்பிக் கட்டப் போவது உங்கள் மகள்.

சி பிளஸ் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். கணினி அறிவியலுக்குக் கூடுதல் கணிதத்தில் கிரெடிட் நிலைத் தேர்ச்சி கேட்பதுண்டு. சி பிளஸ் கிரெடிட்தான். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்க மெட்ரிகுலேஷன் மதிப்பெண்தான் பேசும், அங்கே கணிதத்தை உடும்புப் பிடியாகப் பிடித்தாக வேண்டும். கணக்கு தவறாக வந்தால் எங்கே தவறியது என்று திரும்பிப் போய்த் தேடுகிறாரா, இல்லை விடைப் பக்கத்தைப் புரட்டுகிறாரா என்று வீட்டில் கவனித்துப் பாருங்கள். தேடுகிற பிள்ளை என்றால் துணிந்து அனுப்பலாம். அந்தப் பொறுமை அவருக்கு இல்லை, ஆனால் கைவேலையில் கெட்டி என்றால், பாலிக் பூலாவில் இருக்கும் பொலிடெக்னிக் போன்ற இடத்தில் டிப்ளோமாவில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. கூலிம் பெண்ணின் கதையை அதற்காகவும்தான் சொன்னேன்.

யாராவது ‘இன்ன சான்றிதழ் இல்லாமல் ஐ.டி.யில் வேலை செய்ய முடியாது’ என்று சொல்லி வகுப்பு விற்க வந்தால் நம்ப வேண்டாம். மருத்துவர், வழக்கறிஞர் போல இத்துறைக்கு உரிமம் கிடையாது. 2011இல் அப்படி ஒரு மசோதா வரைவு வந்து, பலத்த எதிர்ப்பு எழுந்தது, சட்டமாகவில்லை. 2024ஆம் ஆண்டு சைபர் பாதுகாப்புச் சட்டம் சில பாதுகாப்புச் சேவைகளுக்கு உரிமம் கேட்கிறது, அதுவும் சேவை வழங்குபவரிடம். உங்கள் மகள் இப்போது கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் இரண்டு காரியம் செய்வேன். மெட்ரிகுலேஷனுக்குச் சம்மதம் தெரிவிக்கக் கெடு இருக்கும், அதைத் தவறவிடாமல் ஏற்றுக்கொள்வேன். அந்த இடம் கைநழுவினால் மறுபடி வராது, தனியார் கல்லூரியோ ஆண்டுக்குப் பலமுறை மாணவர் சேர்க்கிறது. பிறகு அந்தக் கல்லூரிக்குத் தொலைபேசியில் அழைத்து, விளம்பரத் தாளை விட்டுவிட்டு, பருவவாரியான பாடப் பட்டியலை அனுப்பச் சொல்வேன். வந்ததும் இங்கே பதிவிடுங்கள், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பாடமாகப் பார்ப்போம்.